அந்தோனியாருக்குப் போன திறப்பு

போன கிழமை எங்கள் பழைய வார்ட்டிலிருந்து ஒரு பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்த தாதி, முகம் கூடப் பார்த்ததில்லை. யாரோ என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அந்த யாரோவை நான் தனியாகக் கவனிக்கவேண்டும்.

"சேர், நோயாளி ஒராள் திறப்பத் துலைச்சிட்டார். புதுசு எங்க எடுக்கிற?" என்று கேட்டாள். சுகமா என்று ஒரு வார்த்தை இல்லை, நேரே திறப்பு.

"எந்த ஊர் ஆள்?"

"கற்பிட்டிப் பக்கம் சேர்."

"அப்ப துலையல்ல. கோயில்ல போய்க் கேளுங்க."

பிள்ளை "சரி சேர்" என்றாள். கிழவனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பாள். போனை வைத்ததும் என் மனைவி, "அந்தப் புள்ளக்கி விளங்கச் சொன்னா என்ன, வாய் தேஞ்சா போகும்?" என்று கேட்டாள். விளங்கச் சொல்வதென்றால் முழுக்கதையும் சொல்லவேண்டும். சரி, எழுதி வைக்கிறேன். வார்ட்டில் எல்லாரும் படித்துவிட்டு எனக்குப் போன் எடுக்காமல் இருந்தால் போதும்.

திறப்பு என்றால் கதவுப் பூட்டுக்குப் போடும் திறப்பு அல்ல. சுண்டுவிரல் நீளத்தில் ஓர் உருக்குக் கம்பி, ஒரு முனையில் பிடி, மறுமுனையில் சின்னக் குழி. தாடை வளராமல் நின்றுபோன பிள்ளைகளுக்கு எலும்பை இரண்டு பக்கமும் வெட்டி, வெட்டிய இடத்தின் குறுக்கே, பக்கத்துக்கு ஒன்றாக, திருகாணி உள்ள ஒரு சின்னக் கருவியைப் பூட்டுவார்கள். அந்தத் திருகாணியின் தண்டு நாடிக்குக் கீழே தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டிய இடத்தில் புது எலும்பு ஊறத் தொடங்கும்வரை சில நாள் விட்டுவிட்டு, பிறகு திறப்பைத் தண்டில் போட்டுக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் திருகவேண்டும். இளநீர் வழுக்கை மாதிரி இருக்கும் அந்தப் புது எலும்பு, இழுக்க இழுக்க ஊறிக்கொண்டே வரும். தாடை மெல்ல மெல்ல முன்னுக்கு வரும். அவசரப்பட்டால் நடுவில் வெற்றிடம்தான் மிஞ்சும். திருகாமல் விட்டால் வழுக்கை முற்றித் தேங்காய் ஆகிவிடும், அதற்குப் பிறகு யார் திருகினாலும் அசையாது.

இதுதான் விஷயம். எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு திறப்பு, காலையும் மாலையும். என் தலைமுடி முழுக்க இதில்தான் போனது.

தாதியர் கல்லூரி, இரவு முறை, பகல் முறை, மேட்ரனின் வாய் எல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான், அதைச் சொல்லி உங்கள் கழுத்தை அறுக்கமாட்டேன். அந்த மேட்ரனோடு ஒருநாள் நானும் வாய் காட்டினேன். அடுத்த மாதமே என்னைத் தூக்கி வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். பல் பிடுங்குகிற இடம், நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். போன முதல் நாளே ஒரு தாடையை இரண்டாக வெட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, அன்று பகல் சோறு சாப்பிடவில்லை.

அங்கே பெரிய டொக்டர் ஒருவர் இருந்தார். சிலாபப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் கதைப்பார், ஆனால் வசனத்தைக் கத்தரித்துக் கத்தரித்துத்தான் கதைப்பார். கோபப்படமாட்டார். இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. ஏசுகிற மனிதனாக இருந்தால் நாமும் மனதுக்குள் நாலு ஏச்சு ஏசிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இவர் ஒரு விஷயத்தை ஒரே குரலில் இரண்டு தடவை சொல்வார். அது ஏன் நடக்காது என்று நாம் விளக்கினால் கடைசிவரை கேட்பார், தலையாட்டுவார், பிறகு அதே வசனத்தை மூன்றாம் தடவை சொல்வார். அதற்குமேல் மனிதன் என்ன செய்வது, போய்ச் செய்யத்தான் வேண்டும்.

அவருடைய மேசையில் சுண்ணாம்பில் வார்த்த ஒரு தாடை இருந்தது. அதிலே நிஜக் கருவி ஒன்று பூட்டியிருக்கும். தண்டின் பக்கத்தில் எந்தப் பக்கம் திருகவேண்டும் என்று சிவப்பு நகப்பூச்சினால் ஓர் அம்பு போட்டிருப்பார். பெற்றோரை வீட்டுக்கு அனுப்புமுன் அந்தத் தாடையின் முன் கதிரையில் உட்காரவைத்துத் திறப்பைக் கையில் கொடுப்பார். திருகச் சொல்வார். பிழையாகத் திருகினால் ஒன்றும் சொல்லாமல் திறப்பை வாங்கி மறுபடி அவர்கள் கையிலேயே வைப்பார். சரியாகத் திருகும்வரை இது நடக்கும். வெளியே வரிசை நின்று முணுமுணுக்கும், நான் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த ஏச்செல்லாம் வாங்குவேன். கடைசியில் ஒன்று சொல்வார்:

"மெதுவா. எலும்புக்குக் கோவம் வரும்."

அந்தக் கருவிகள் அரசாங்கம் வாங்கியவை அல்ல. ஒருமுறை வந்துபோன வெளிநாட்டு டொக்டர்கள் ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போனார்கள். அதில் கருவிகள் நிறைய, திறப்புகள் கொஞ்சம். வேறு வகைத் திறப்பு அந்தத் தண்டில் ஏறாது. ஆகவே கருவியைக் கழற்றும் நாளில் திறப்பைத் திருப்பி வாங்குவது என் பொறுப்பு. திரும்பி வந்தால்தானே? முந்தலிலிருந்து வந்தவர், இறால் பண்ணைத் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது என்றார். ஒரு தாய், கோழி விழுங்கிவிட்டது என்றாள். கோழியை அறுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன், அது முட்டையிடுகிற கோழி சேர் என்றாள். எல்லாரும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "துலைஞ்சிட்டு சேர்" என்பார்கள். கருவி கழற்றியபின் நோயாளியும் துலைந்துவிடுவார். பிறகு கிளினிக்குக்கு வரச் சொன்னால் ஒருவரும் வரமாட்டார். பெரிய டொக்டர் கிளினிக் நாளான வியாழக்கிழமைகளில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவர் வெட்டிச் சேர்த்த தாடைகள் என்ன கதியில் இருக்கின்றன என்று தெரியாமல்.

கடைசியில் பெட்டியில் ஒரு சோடிக் கருவியும் ஒரே ஒரு திறப்பும் மிஞ்சின. அப்போதுதான் ஸ்டெல்லா வந்தாள்.

கற்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழிப் பிள்ளை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற வயது, பதினாறு இருக்கும், ஆனால் நாடி என்று ஒன்று இல்லை. கீழுதட்டிலிருந்து நேரே கழுத்துத்தான். சின்ன வயதில் கரையேற்றியிருந்த வள்ளத்திலிருந்து தவறி நாடி அடிபட விழுந்திருக்கிறாள். காதுக்கு முன்னால் உள்ள மூட்டு உடைந்தது யாருக்கும் தெரியவில்லை. அது தானாக ஒட்டி எலும்பாகி, வாய் பூட்டிக்கொண்டது. தாடையும் அந்த வயதிலேயே நின்றுவிட்டது. பல்லை இறுக்கிக்கொண்டே கதைப்பாள். கடைவாயில் பல் இல்லாத ஓர் இடைவெளியால் பாணைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத் தள்ளித் தள்ளிச் சாப்பிடுவாள்.

சாப்பாடு பரவாயில்லை. படுக்கத்தான் முடியாது. மல்லாந்து படுத்தால் தாடை சின்னதானபடியால் நாக்கு பின்னுக்குப் போய் மூச்சு அடைத்துவிடும். சுவரில் தலையணையைச் சாய்த்து இருந்தபடியேதான் தூங்குவாள், அப்போதும் பயங்கரமான குறட்டை. தாய் குவைத்தில் வீட்டு வேலை. தகப்பன் சூசை, மீன்பிடித் தொழில், அவன்தான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டான்.

"சத்தம் இருந்தா எனக்கு நித்திர வரும் சேர். சத்தம் நிண்டாத்தான் முழிப்பு வரும்" என்று சூசை சொன்னான். "மூச்சு அடைச்சிருக்கும். புடிச்சு உலுக்குவன். திருப்பி இழுக்கும்."

எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணப் பார்த்து விட்டுவிட்டான்.

பெரிய டொக்டர் பிள்ளையின் நெஞ்சைப் பரிசோதிக்க அனுப்பினார், முடிவைப் பார்த்தார், சூசையைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இருதயம் களைக்கத் தொடங்கியிருக்கிறது என்று சொன்னார். "முதல் நீளம். பிறகு வாய் திறக்கிறது. நீளம் வராட்டி, மூச்சுக்கு இங்க ஓட்டை" என்று தன் தொண்டைக் குழியில் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு தடவை காட்டினார். சூசைக்கு அன்று முகத்தில் ரத்தம் இல்லை.

சத்திரசிகிச்சை அன்று வாய் திறக்காத பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுப்பதே ஒரு யுத்தம். விழித்திருக்கும்போதே மூக்கால் குழாயை விட்டு மூச்சுக்குழலுக்குள் இறக்கவேண்டும். மயக்க மருந்து டொக்டர் குழாயை இறக்க இறக்க, ஸ்டெல்லா என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, அசையவில்லை, என் விரலைத்தான் முறித்துவிடப் பார்த்தாள். குழாய் இறங்கியதும் பெரிய டொக்டர் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் அளந்து, மறுபடி அளந்து, மறுபடியும் அளந்தார். தியேட்டரில் எல்லாருக்கும் கால் கடுத்தது. வெட்டினார். நரம்பு போகும் இடத்தில் எலும்பறுக்கும் வாளை நிறுத்திவிட்டு, சின்ன உளியால் தட்டி எலும்பைப் பிரித்தார். கருவியைப் பூட்டித் திறப்பை அவரே போட்டு ஒரு தடவை திருகிப் பார்த்தார், எலும்பு விலகியது, திருப்பிப் பழைய இடத்துக்கு விட்டார். அவர் முகமூடிக்குள் என்ன செய்தார் என்று தெரியாது, கண் மட்டும் சிரித்தது.

சூசை திருகப் பழகியதைச் சொல்லத்தான் வேண்டும். சுண்ணாம்புத் தாடையில் முதல் தடவையே சரியாகத் திருகினான். போட் எஞ்சின் கழற்றிப் பூட்டுகிற கை. நானும் ஏமாந்து, இந்த ஒரு மனிதனால் எனக்குத் தொல்லை வராது என்று நினைத்தேன். வார்ட்டில் கட்டில் தட்டுப்பாடு, பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினோம். கிழமைக்கு ஒருமுறை வந்து காட்டினார்கள். தாடை வந்துகொண்டிருந்தது. கீழுதட்டுக்குக் கீழே ஒரு சின்ன மேடு தெரிந்தபோது ஸ்டெல்லா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பாதித் தூரம் இருந்தது.

அடுத்த கிழமை சூசை சிரித்துக்கொண்டு வந்தான். வெள்ளைச் சேர்ட், தலைக்கு எண்ணெய்.

"திறப்பக் கொண்டாங்க, டொக்டர் பாக்கணும்" என்றேன்.

"குடுத்திட்டன் சேர்."

"ஆருக்கு?"

"அந்தோனியாருக்கு."

"எந்த அந்தோனியார்? எங்க வேல செய்யிற ஆள்?" என்று கேட்டுவிட்டேன். வரிசையில் நின்ற கத்தோலிக்கப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகுதான் விளங்கியது. மகளுடைய நாடி முன்னுக்கு வந்தால் அதைக் கொண்டுவந்த இரும்பை உமக்கே தருகிறேன் என்று சூசை அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறான். அந்தக் கரையில் இது வழக்கம்தான். கண் சுகமானால் வெள்ளியில் கண், கால் சுகமானால் வெள்ளியில் கால், காணிக்கைப் பெட்டியில் போடுவார்கள். கோயில் திருநாளுக்குக் கொடி ஏறிவிட்டது. நாடியும் வந்துவிட்டது, ஊரே பார்த்துச் சொல்லிவிட்டது. திருநாள் முடிந்ததும் போட் தொழிலுக்குப் போகும். நேர்த்தியைக் கொடுக்காமல் கடலில் கால் வைக்க அந்த ஊரில் ஒருவனுக்கும் துணிவு வராது. கொடியேறிய அன்றே கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போட்டுவிட்டான்.

"அப்ப மிச்சத்த என்னத்தால திருகிற?"

"ஆஸ்பத்திரியில வேற திறப்பு இரிக்கும்தானே சேர்" என்றான். அவ்வளவு நம்பிக்கை எங்கள் மேல்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. தொலைந்த பொருளைத் தேடித் தருகிற புனிதர் என்று ஊரெல்லாம் சொல்கிற ஒருவரிடமே கொண்டுபோய் என் கடைசித் திறப்பைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறான். பெரிய டொக்டரிடம் சொன்னேன். பிள்ளையின் தண்டைத் தொட்டுப் பார்த்தார். கடைசியாகத் திருகியது எப்போது என்று கேட்டார், கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். குறட்டால் பிடித்துத் திருகினால் என்ன என்று கேட்டேன். தண்டின் தலை தேய்ந்தால் பிறகு திறப்பு வந்தாலும் ஏறாது என்றார். கொழும்புக்குப் போன் எடுத்தார். அங்கே இருப்பது வேறு வகை.

"திறப்பக் கொண்டாங்க" என்றார்.

"சேர், அது கோயில் பெட்டிக்குள்ள. கொடி இறங்குற வரைக்கும் திறக்கமாட்டாங்களாம். இன்னும் ஒரு கிழம..."

தலையாட்டினார். "திறப்பக் கொண்டாங்க."

நான் மூன்றாம் தடவைக்கு நிற்கவில்லை. சூசையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோயிலைச் சுற்றிப் பந்தல், கச்சான் கடலைக் கடை, ஒலிபெருக்கி. காலுக்குக் கீழே மணல் கொதித்தது. கோயிலைப் பார்க்கிற பங்குச் சுவாமி இளைஞர், பாவம், நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும், "எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல. ஆனா பெட்டிக்கு ரெண்டு பூட்டு. ரெண்டாவது திறப்பு மனுவேல் சம்மாட்டியாரிட்ட" என்றார். ஒரு திறப்பை எடுக்க இரண்டு திறப்பு. என் நெற்றியில் அல்லாஹ் எழுதியது அப்படி.

மனுவேல் கோயில் சபைத் தலைவர். அதோடு சூசை வேலை செய்கிற போட்டின் சொந்தக்காரரும் அவர்தான். வேட்டி மடித்துக் கட்டி, இடுப்புக் கயிற்றில் திறப்புக் கொத்தோடு வந்தார். நான் எலும்பு, வழுக்கை, தேங்காய் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், முஸ்லிம் அண்ணன் என்ற மரியாதையில் நானா என்று கூப்பிட்டார்.

"நானா, நீங்க சொல்லுறது விளங்குது. ஆனா பெட்டிக்குள்ள விழுந்தது அந்தோனியாருட சாமான். நேத்திய முடிச்சிக் குடுத்ததத் திருப்பி எடுத்தா ஊருக்கு ஆகாது. நாளைக்கிக் கடல்ல ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுற?"

"அது ஆஸ்பத்திரிச் சாமான். சூசைட சொத்து இல்ல, நேர்ந்து குடுக்கிறதுக்கு" என்றேன்.

"அத நீங்க அவனிட்டக் கேக்கணும்."

சூசையைப் பார்த்தேன். ஒரு சொல் சொன்னால் போதும், தவறுதலாகப் போட்டுவிட்டேன் என்று. வாயைத் திறக்கவில்லை. பூட்டுப் போட்டது மகளுக்கா இவனுக்கா என்று தெரியவில்லை.

"நீங்க கேளுங்களேன் சூச."

"குடுத்தத எப்பிடிச் சேர் திருப்பிக் கேக்கிற? பிள்ளைக்கி ஏதும் நடந்தா?"

பிள்ளைக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று சத்தம் போட்டேன். கச்சான் கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். நான் என்ன வாதாடுவது? நான் முஸ்லிம். அந்தோனியாருக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆனால் நேர்ச்சை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? உம்மாவின் தங்கை, என் சாச்சியே, ஆடு காணாமல் போனபோது இதே கோயிலில் களவாக மெழுகுதிரி கொளுத்தியவள். ஆடு கிடைத்தது வேறு கதை. சுவாமி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஒலிபெருக்கியில் பாட்டு மாறியது.

அப்போதுதான் ஸ்டெல்லா கதைத்தாள். பல்லை இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக. வெயிலில் நின்று மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அப்பா, என்னெண்டு நேந்தீங்க?"

சூசை மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "உன்ட நாடி சரியானா இரும்பத் தாறன் எண்டு."

"சரியாகிட்டா?"

அவன் கால்விரலால் மணலைக் கிளறினான்.

"நேத்து எப்பிடி நித்திர கொண்டன்?"

"இருந்துகொண்டு."

"எத்தின தரம் உலுக்கினீங்க?"

சூசை மகளை நிமிர்ந்து பார்த்தான். கையால் வாயைத் துடைத்தான்.

"அப்ப சரியாகல்லத்தானே. சரியாகாமச் சரியாகிட்டு எண்டு குடுத்திருக்கிறீங்க. அந்தோனியாரிட்டப் பொய் சொல்லியிருக்கிறீங்க அப்பா."

மனுவேல் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். பிறகு சுவாமியைப் பார்த்தார். சுவாமி வேகமாகத் தலையாட்டினார். எனக்கு வாயில் வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன், நான் எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுவேன் என்று பயம்.

"நேத்தி முடியாமப் போட்டது காணிக்கை இல்ல" என்றார் மனுவேல். "பிழையா விழுந்த சாமான். எடுக்கலாம்."

இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். சுவாமி தன் திறப்பைக் கொண்டுவந்தார். நாணயத்தாள்களுக்கும் வெள்ளிக் காதுகளுக்கும் நடுவில் என் உருக்குக் கம்பி கிடந்தது. சூசை அதை ஒரு சிவப்பு நாடாவில் வேறு கட்டியிருந்தான்.

வரப் புறப்பட்டபோது மனுவேல், "இந்த மாதிரிச் சாமான் இன்னும் இரிக்கி நானா. என்னத்துக்கெண்டு எங்களுக்கும் விளங்கல்ல. உங்கடதா பாருங்க" என்று உள்ளே கூட்டிப்போனார். பழைய காணிக்கைகளை வைத்திருக்கிற கண்ணாடி அலுமாரி. வெள்ளிக் கண்கள், பாதங்கள், ஒரு சின்ன வள்ளம். கீழ்த் தட்டில், சிவப்புத் துணியில், வரிசையாக எங்கள் திறப்புகள். மினுக்கி வைத்திருந்தார்கள். இறால் பண்ணையில் விழுந்தது, கோழி விழுங்கியது, எல்லாம். முந்தல்காரர் கத்தோலிக்கர் கூட இல்லை.

"எத்தின வருஷமா இதுக்கு நான் ஆக்களப் போட்டு ஏசினன் தெரியுமா?" என்று கேட்டேன். "ஒண்டத் தாங்க, இன்னொரு பெட்டி வந்தா உதவும்."

"அதெல்லாம் சுகமான ஆக்கள்ட" என்றார் மனுவேல், அலுமாரியைப் பூட்டிக்கொண்டு. "அதத் தரமாட்டன்."

மாலையில் வார்ட்டுக்கு வந்தோம். பெரிய டொக்டர் வீட்டுக்குப் போகவில்லை. திறப்பைக் கொதிக்கவைத்து எடுத்துக் கொடுத்தேன். தண்டில் போட்டார். திருகினார். அசையவில்லை. விட்டார், பிள்ளையின் தோளைத் தட்டினார், மறுபடி மெல்ல அழுத்தினார். நான் அவருடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். சூசை கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றான். ஸ்டெல்லாவின் கண்ணில் நீர் முட்டியது. பிறகு திறப்பு ஒரு சொட்டு நகர்ந்தது, இன்னும் ஒரு சொட்டு. "கோவம்தான். ஆனா வாறார்" என்றார், எலும்பைப் பற்றி.

கை கழுவும்போது அலுமாரியைப் பற்றிச் சொன்னேன். ஏதாவது ஏசுவார், குறைந்தது தலையிலாவது அடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். தண்ணீரை நிறுத்திவிட்டு, "எல்லாத் திறப்பும் இருக்கா?" என்று கேட்டார்.

"எல்லாம் இரிக்கி சேர். தரமாட்டாராம். சுகமான ஆக்கள்ட என்கிறார்."

"அப்ப அவங்க எல்லாம் சுகம்" என்றார். ஈரக் கையைத் துடைத்தார். பிறகு அதையே இரண்டாம் தடவையும் சொன்னார். வியாழக்கிழமைகளில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு வேண்டிய பதில் அந்த அலுமாரியில் இருந்திருக்கிறது. ஆனாலும் திறப்புகளை நினைத்தால் வயிறு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெல்லாவை அதற்குப் பிறகு வீட்டுக்கு விடவில்லை. திறப்பு என் சட்டைப் பையில், காலையும் மாலையும் நானே திருகினேன். சூசை தொழிலுக்குப் போகாமல் வார்ட் வாசலில் கிடந்தான். நேர்த்தி பாக்கி இருக்கிறதே, எப்படிக் கடலுக்குப் போவான்? தாடை வரவேண்டிய தூரம் வந்தது. எலும்பு முற்றும்வரை கருவியை அப்படியே விட்டு, பிறகு கழற்றி, காதுக்கு முன்னால் ஒட்டிப்போன மூட்டையும் வெட்டித் திறந்தார்கள். வாய் திறந்தது. வாய்ப் பயிற்சி செய்யச் சொன்னால் அந்தப் பிள்ளை பட்ட பாடும் நான் பட்ட பாடும் இன்னொரு தொல்லை, விடுங்கள்.

ஒரு நாள் பகல், சாப்பாட்டு நேரம் முடிந்து வார்ட் அமைதியாக இருந்தது. நான் தட்டில் மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சூசை ஓடிவந்து என் கையைப் பிடித்தான். முகம் வெளுத்திருந்தது.

"சேர், சத்தம் இல்ல. பிள்ளைக்கிச் சத்தம் இல்ல."

மருந்துத் தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் அவன் போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா மல்லாந்து படுத்திருந்தாள். தலையணை காலடியில் கிடந்தது. கண்ணைத் திறந்து தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நித்திர கொள்ள விடுங்களேன்" என்றாள். வாயை முழுதாகத் திறந்து சொன்னாள்.

"சத்தம் வரல்லடி" என்றான் சூசை.

"நித்திர கொண்டா மனிசனுக்கு அப்பிடித்தான் இரிக்கும்" என்று நான் அவனை ஏசினேன். "சத்தமில்லாமத்தான் நித்திர கொள்ளுவாங்க. வார்ட்டில மத்த ஆக்களப் பாத்ததில்லயா?"

அவள் திரும்பிப் படுத்து மறுபடி தூங்கிவிட்டாள். சூசை கட்டிலின் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தான். மூச்சு வருவது தெரிந்தது, அவ்வளவுதான், ஒரு சத்தமும் இல்லை. அவன் அப்படியே கீழே, சீமெந்துத் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

பெரிய டொக்டர் கதவருகே வந்து நின்றது எனக்குத் தெரியும். அவர் கண் சிரித்தது. நான் சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்தேன். சிவப்பு நாடா இன்னும் அதில்தான் இருந்தது. சூசையின் கையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தேன்.

"இப்ப கொண்டு போய்ப் போடுங்க" என்றேன்.